அக்கா விட்ட உருளைக்கிழங்கு

அக்காவின் முதல் வருஷத் திதிக்கு, வருஷாப்திகத்துக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் அக்காவின் ஒரே தங்கை எழுதுவது. கட்டுரை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்த உறவினர்கள் முதல் வரியையும் அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். "ஆசைன்னா என்னன்னே தெரியாம பிறத்தியாருக்காக வாழ்ந்தவள்னு ஆரம்பி. கேக்க நன்னா இருக்கும்" என்றார்கள். அப்படியே ஆரம்பித்துப் பார்த்தேன். மேற்கொண்டு ஓடவில்லை. பிறருக்காக வாழ்ந்தவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆசை தெரியாதவர் என்பது மட்டும் பொய். அது பொய் என்று அக்காவின் மகள் அனுவுக்கும் எனக்கும் தெரியும். ஆழ்வார்பேட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் குமாருக்கும் தெரியும்.

அக்கா மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் இருந்த ஒரு குடித்தன வீட்டில் பிறந்தார். அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்ட். அம்மாவுக்கு ஆஸ்துமா. அதனால் அடுப்படி சின்ன வயதிலேயே அக்காவின் கைக்கு வந்துவிட்டது. பி.யு.சி. முடித்த கையோடு மவுண்ட் ரோடில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் சேர்ந்தார். நான் கல்லூரிக்குப் போனதும், பிறகு டெலிபோன் அலுவலகத்தில் உத்தியோகத்துக்குச் சேர்ந்ததும் அக்காவின் தயவில்தான். எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அக்கா தன் கல்யாணத்துக்குத் தலையாட்டினார். இதையெல்லாம் நான் நன்றியோடு சொல்கிறேன். அதோடு, அக்காவுக்கு நான் பதிலுக்குச் செய்தது என்ன என்று யோசிக்கும்போது தலை குனிகிறது.

அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், ரயில்வேயில் இருந்தார். நல்ல மனிதர், நல்ல சாப்பாட்டுப் பிரியர். அவர்களின் மந்தைவெளி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சின்ன வெங்காய சாம்பாரும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும்தான். அக்கா இரும்பு வாணலியில் நிதானமாகப் பிரட்டிப் பிரட்டி, ஓரம் முறுகும் வரை விடுவார். அடியில் ஒட்டிக்கொண்ட காந்தலைச் சுரண்டி எடுத்து இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். நான் போயிருக்கும் நாட்களில் எனக்கு அந்தக் காந்தல் கிடைத்ததே இல்லை. "அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்" என்று அத்திம்பேர் வாணலியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அக்கா வெட்கப்பட்டுச் சிரிப்பார். அனு பத்து வயதுகூட நிரம்பாதபோது, அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அத்திம்பேர் போய்விட்டார்.

அவருக்காக அக்கா கயா சென்றபோது அத்திம்பேரின் தம்பியும் நானும் உடன் போனோம். கயாவில் காரியம் முடிந்ததும் ஆலமரத்தடியில் ஒரு இலை, ஒரு காய், ஒரு பழம் என்று விட்டுவிட்டு வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். விட்டதை ஆயுள் முழுக்கத் தொடக் கூடாது. பிடித்ததை விட வேண்டும் என்பது சாஸ்திரம். பிடிக்காததை விடுவது நடைமுறை. அத்திம்பேரின் தம்பி சுரைக்காயை விட்டார். அதை அவர் அதற்கு முன்பும் தொட்டதில்லை. (அவரும் இதைப் படிப்பார். கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைசியில் உங்களிடம்தான் வரப் போகிறேன்.) அக்காவின் முறை வந்தது. நான் காதோரமாக, "கொத்தவரங்கான்னு சொல்லிடுக்கா" என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "உருளைக்கிழங்கு" என்றார். காரியம் செய்து வைத்த வாத்தியார்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

ரயிலில் திரும்பும்போது, "ஏன்க்கா இப்படிப் பண்ணே?" என்று கேட்டேன். "அவருக்குப் பிடிச்சது. அவர் இல்லாம எனக்கு மாத்திரம் எதுக்கு?" என்றார். அதன் பிறகு மந்தைவெளி வீட்டுக் கூடையில் உருளைக்கிழங்கு இருந்ததில்லை. ஓட்டலுக்குப் போனால் மசால் தோசையில் மசாலா வேண்டாம் என்பார். கல்யாணப் பந்தியில் போண்டா வந்தால் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவார். அனுவைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து வைத்தார், மாமியாரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார். தான் சாப்பிடும்போது மட்டும் அடுப்படியிலேயே நின்றுகொண்டு ரசம் சாதத்தை அவசரமாக முடித்துவிடுவார். அதைப் பார்த்துத்தான் நீங்கள் எல்லோரும் ஆசையே இல்லை என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அனுவும் மாப்பிள்ளையும் பிரான்ஸில், லியோன் நகரத்தில் இருக்கிறார்கள். அனுவின் பிரசவத்துக்கு அக்கா போனார். பெட்டி நிறைய ரசப்பொடி, சாம்பார் பொடி, பிரசவ லேகியம். திரும்பி வந்த அக்காவிடம் ஏதோ மாறியிருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. ஒரு நாள் போன் செய்தார். "ஆழ்வார்பேட்டையில பிரெஞ்சு சாப்பாடு போடற இடம் ஒண்ணு இருக்காம். அனு சொன்னா. வரயா?" என்றார். எங்கள் அக்காவா பேசுகிறார் என்று நான் போனையே ஒரு தடவை பார்த்தேன்.

சின்ன இடம்தான். மர மேஜைகள், சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பு. அன்றைக்கு என்னென்ன உண்டு என்று ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். நூல் புடவையும் கைப்பையுமாக அக்கா நேராகப் போய் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். குமார் வந்து, "மேடம், இன்னிக்கு வெங்காய சூப் சூப்பரா கீது. உங்களுக்குன்னா சிக்கன் தண்ணி ஊத்தாம வெறும் காய் தண்ணில போடச் சொல்றேன்" என்றார்.

"வேற என்ன சேர்ப்பா அதுல?" என்றார் அக்கா.

"கொஞ்சூண்டு ஒயின் மேடம். கொதிக்கசொல்ல பூடும்."

"போயிடும்னா, எங்க போகும்?"

குமார் தலையைச் சொறிந்தார். அக்கா கரும்பலகையைக் காட்டி, "அது வேண்டாம். இதைக் கொண்டு வாங்கோ" என்றார். விரல் காட்டிய இடத்தில் இருந்தது உருளைக்கிழங்கு கிராத்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, அது உருளைக்கிழங்கு."

"தெரியும்" என்றார்.

அது வரும் வரையில் அக்கா லியோன் கதையைச் சொன்னார். ஊருக்குக் கிளம்பும் முன் அனுவும் மாப்பிள்ளையும் அவரை ஒரு பழைய சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அந்த ஊரில் கறி வகைதான் அதிகம். நம் ஆட்களுக்கு என்று தேடிப் பிடித்தால், பச்சைப் பயறு மாதிரி ஒரு பயறில் சாலட், தயிரை வடிகட்டி வெங்காயமும் தழைகளும் கலந்த ஒரு பச்சடி. அந்தப் பச்சடிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு நெசவாளியின் மூளை என்று அர்த்தமாம். மாப்பிள்ளை அதைச் சொன்னதும் அக்கா தட்டைத் தள்ளிவிட்டார். வெறும் தயிர்தான் என்று மூன்று பேர் சத்தியம் செய்த பிறகே தொட்டார். அடுத்து மண் தட்டில் ஒன்று வந்தது. மேலே பொன்னிறமாகச் சிவந்து, ஓரத்தில் முறுகி, உள்ளே பாலாடையில் ஊறிய மெல்லிய வில்லைகள்.

"மொதல் வாயிலேயே தெரிஞ்சுடுத்துடீ" என்றார் அக்கா. "அனு சொல்றதுக்கு வாயைத் திறந்தா. அதுக்குள்ள நான் ரெண்டாவது வாய் போட்டுண்டுட்டேன். ஓரத்துல ஒட்டிண்டிருக்கே, அந்தக் காந்தல், அதைச் சுரண்டினேன். நிறுத்தவே முடியலை. கண்ணுலேர்ந்து ஜலமா வந்துது. சர்வர் காரமா இருக்கோன்னு ஓடி வந்து கேக்கறான்."

குமார் கிராத்தானைக் கொண்டு வந்து வைத்தார். அக்கா கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

அன்று அக்கா சாப்பிட்டதைப் போல ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து, நிதானமாக, பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார். எனக்கும் தந்தார். பாலும் கிரீமும் கிழங்கோடு சேர்ந்து இறுகி, லேசாக ஜாதிக்காய் வாசனை. நம் வீட்டுப் பாயசமும் ரோஸ்ட்டும் சொந்தக்காரர்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறு மாதம் கூப்பிட்டால் அக்கா வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. நேரில் போய்க் கேட்டேன். சுவாமி அறையில் உட்கார்ந்திருந்தார். "தெரியாம சாப்டது ஒண்ணு. தெரிஞ்சே போய்ச் சாப்டேனே. அவருக்காக விட்டதுடீ" என்றார். முகம் வாடியிருந்தது. அவரை அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. டெலிபோன் அலுவலகத்தில் யூனியன் காரியதரிசியாக இருந்தவள் நான், வாதத்துக்கா பஞ்சம்? "அக்கா, நீ கயாவுல விட்டது நம்மாத்து ரோஸ்ட்டு. அது நம்ம ஊர்க் கிழங்கு. இது பிரெஞ்சுக் கிழங்கு. பேரே வேற, பக்குவமே வேற. அத்திம்பேர் இதைக் கண்ணால பாத்திருப்பாரா? இது கணக்குலயே வராது" என்றேன். அக்கா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார், நம்பினார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அதிலிருந்து மாதம் தவறாமல் போனோம். அந்தக் கடையில் மாதத்துக்கு ஒரு பிரதேசம் என்று சமைப்பார்கள். தெற்குக் கடற்கரைச் சமையல் என்றால் கத்திரிக்காய், குடமிளகாய், தக்காளியைத் தனித்தனியே வதக்கிச் சேர்த்த கூட்டு. கடலைமாவைக் கரைத்து அடுப்பில் சுட்ட அடை. "இதுக்காகவா அவ்வளவு தூரம் பிளேன் ஏறிப் போறா?" என்பார் அக்கா, ஆனால் மிச்சம் வைக்க மாட்டார். மேற்குக் கடற்கரை என்றால் கறுப்பு தானிய மாவில் தோசை. மலைப் பிரதேசம் என்றால் மசித்த உருளைக்கிழங்கில் சீஸைக் கிளறிக் கிளறி இழுக்கும் பதார்த்தம். குமார் மேஜைக்குப் பக்கத்தில் நின்று கரண்டியைத் தலைக்கு மேல் தூக்க, அது அறுபடாமல் தொங்கும். அக்கா கை கொட்டிச் சிரித்தார். அறுபதைத் தாண்டிய பிறகு அவர் அப்படிச் சிரித்தது அந்த மேஜையில்தான்.

ஒரு நாள் பாராட்டாக, "உங்க உருளைக்கிழங்கு மட்டும் எப்படி இவ்வளவு நன்னா இருக்கு?" என்று கேட்டார். குமார் பெருமையாக, "எல்லாம் ஊட்டிக் கெழங்கு மேடம். கோயம்பேட்லருந்து டெய்லி வருது" என்றார். அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டேன். பிறகு அக்கா மறுபடி கரண்டியை எடுத்துத் தட்டைக் காலி செய்தார்.

அதற்கு அடுத்த வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு வெளியே வந்த அக்கா, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, சாதாரணமாகச் சொன்னார்: "விட்டதைத் திரும்ப எடுத்துண்டேன் இல்லையா? அதான்."

வெட்கத்தை விட்டு டாக்டரிடமே போய்க் கேட்டேன், உருளைக்கிழங்கு சாப்பிட்டால் இது வருமா என்று. சின்ன வயதுப் பெண். சிரிக்காமல், "அதனால எல்லாம் வராதும்மா. நீங்க மனசைக் குழப்பிக்காதீங்க" என்றார். ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு கயாவைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அக்கா. சிகிச்சை நடந்த அத்தனை மாதமும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். "உன் மேல தப்பில்லைடீ" என்று ஒரே ஒரு தடவை. சொல்லவில்லை. கோபமாகவும் எதுவும் சொல்லவில்லை. அதற்கு பதில் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

ஆகாரம் இறங்காத நாட்களில் அனு குழந்தையோடு வந்து சேர்ந்தாள். ஒரு மத்தியானம் அக்கா அவளைக் கூப்பிட்டு, "அதைப் பண்ணித் தரயா?" என்றார். எதை என்று அனுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் மட்டும் பதறிப் போய், "வேண்டாம்க்கா, வேற ஏதாவது கேளு" என்றேன். மறுபடி அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்ற பயம்தான்; அக்காவின் நன்மையை நினைத்து அல்ல. அனு என்னைப் பொருட்படுத்தாமல் கடைக்குப் போய்க் கிழங்கு வாங்கி வந்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு மந்தைவெளி வீட்டு அடுப்படியில் உருளைக்கிழங்கு வேகும் வாசனை.

அக்காவால் சாப்பிட முடிந்தது மேலே சிவந்திருந்த ஏட்டில் நகமளவு. வாயிலேயே வைத்துக் கரைய விட்டார். "நன்னா இருக்கு" என்றார். பிறகு, "பாவம் அவர். எத்தனை வருஷம் ரோஸ்ட்டு ரோஸ்ட்டுனு ஒண்ணையே பண்ணிப் போட்டேன். இப்படியும் பண்ணலாம்னு போய்ச் சொல்லணும்" என்றார். நானும் அனுவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் அக்கா போய்விட்டார்.

இந்த ஒரு வருஷமும் நான் எப்படி இருந்தேன் என்று பலர் விசாரித்தீர்கள். துக்கத்தில் நாக்குக்கு ருசி தெரியாது என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது. பண்டிகை இல்லாத வருஷம், வீட்டில் பட்சணம் செய்யாத வருஷம், ஆனால் ஆழ்வார்பேட்டைக்கு மட்டும் நான் மாதம் தவறாமல் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, அடையாறு வீட்டிலிருந்து கிளம்பும்போது கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதல் தடவை குமார், "பெரிய மேடம் வர்லியா?" என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் கொஞ்ச நேரம் தள்ளிப் போய் நின்றார். பிறகு நான் கேட்காமலே கிராத்தானைக் கொண்டு வந்து வைத்தார். அழுதுகொண்டு தொடாமல் வந்துவிடுவேன் என்று நினைத்தேன். முழுவதையும் சாப்பிட்டேன். ஓரத்துக் காந்தலையும் சுரண்டிச் சாப்பிட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மறு மாதமும் போனேன்.

அடுத்த மாதம் அக்காவுக்காக கயா போகிறோம். நான் எதை விடப் போகிறேன் என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறீர்கள். உருளைக்கிழங்கையே விட்டுவிடலாம் என்று நானும் முடிவு செய்திருந்தேன். அக்கா முறித்த விரதத்தை நான் முடித்து வைத்தது போல இருக்கும், மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும் என்று. அனுவிடம் போனில் சொன்னேன். அவள் கேட்டாள்: "நீங்களும் விட்டுட்டேள்னா, அம்மாவுக்குப் பிடிச்சதை அப்புறம் யார் சித்தி சாப்பிடறது?" தன் அம்மாவை ஆசையில்லாதவர் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்கச் சகிக்கவில்லை, உள்ளதை எழுதுங்கள் என்று சொன்னதும் அவள்தான்.

ஆகவே நான் சுரைக்காயை விடப் போகிறேன். எனக்கும் அது சுத்தமாகப் பிடிக்காது. அத்திம்பேரின் தம்பியை இத்தனை வருஷம் கேலி செய்ததற்கு இதன் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் உடம்புக்கு வந்ததற்கும் என் வாதத்துக்கும் சம்பந்தமில்லை என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவை நினைக்காமல் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. நினைத்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், கூடப் பிறந்தவர்கள் போல் ராப்பகலாக உதவிய மந்தைவெளி பக்கத்து வீட்டாருக்கும், இன்றைக்கு சிரார்த்தத்தைச் சிரத்தையோடு செய்து கொடுத்த அத்திம்பேரின் தம்பிக்கும், ஜன்னலோர மேஜையை இன்னமும் எங்களுக்கென்று ஒதுக்கி வைக்கும் குமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

நாளை சுபம், துக்கம் முடிகிற நாள். எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இலையின் ஓரத்தில் மேலே சிவந்து, உள்ளே வெள்ளையாக ஒரு பதார்த்தம் விழும். நானும் அனுவும் செய்தது. முட்டை கிடையாது, பூண்டும் போடவில்லை. அது உருளைக்கிழங்கு, ஊட்டிக் கிழங்கு. கயாவில் அதை விட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இலைக்கு மேல் கையைக் காட்டிவிடுங்கள். கை காட்ட மனசு வராவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிடுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அக்காவுக்கும் அப்படித்தான் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.